மேற்பார்வை முகவரி

"இஸ்கோலே மஹத்தயா, உங்களுக்கு எத்தனை பெண்பிள்ளைகள்?"

சென்ற மாதத்தில் ஒரு நாட்காலை, படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, எங்கள் தபால்காரர் என்னை இவ்வாறு கேட்டார். அவர் சிங்களவர். பல ஆண்டுகளாகக் கலேவெலவில் கடிதம் கொண்டுவந்து கொடுப்பவர். ஊரில் யார் வீட்டில் கலியாணம், யார் வீட்டில் கடன் என்பதையெல்லாம் உறையைப் பிரிக்காமலே அறிந்து வைத்திருப்பவர். எனக்கு இருப்பவன் ஒரே மகன். அவனோ, கடிதம் என்பது நூதனசாலையில் வைக்கவேண்டிய பொருள் என்று கருதும் தலைமுறையைச் சேர்ந்தவன். அப்படியிருக்க, இந்த ஒரு வருட காலத்துக்குள் என் வீட்டுக்கு ஏழு வெவ்வேறு பெயர்களில் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்து பெண்களின் பெயர்கள். மனிதர் ஐயுற்றதில் வியப்பில்லை.

"எல்லாரும் என் பிள்ளைகள்தாம்; வீடுதான் வேறு வேறு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கையிலிருந்த உறையை இன்னொரு முறை பார்த்தார். பெயருக்கும் முகவரிக்கும் நடுவே 'மே/பா' என்று எழுதி, அதனையடுத்து என் பெயர் இருந்தது. அந்த இடத்தைப் பெருவிரலால் தட்டிக்காட்டி, "ஏன், இந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த வீடு இல்லையா?" என்று கேட்டார்.

"வீடு இருக்கிறது, முகவரி இல்லை" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. வீடு இருக்க முகவரி இல்லாமற் போவது எப்படி? கடிதம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு விளங்காத இந்தச் சங்கதி, நம்முள் படித்தவர்கள் பலருக்கும் விளங்குவதில்லை. எனக்கே அது விளங்குவதற்கு ஒரு மாணவி வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இந்த ஞாயிறு நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மாத்தளையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். கலேவெலவிலிருந்து வஹகோட்டை, பலாபத்வெல வழியாக நாள்தோறும் பஸ்வண்டியிற் போய்வருகிறேன். கடிதம் எழுதுதல் எங்கள் பாடத்தில் ஒரு சிறு பகுதி. வலப்புறத்து மேல்மூலையில் எழுதுபவரின் முகவரி வரவேண்டும், அதன்கீழ் திகதி வரவேண்டும் என்று வகுப்புத் தோறும் சொல்லிச் சொல்லி அலுத்த விதி அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பதினொரு கொப்பிகளில் ஒரே முகவரி இருக்கக் கண்டேன். ஒரு தோட்டத்தின் பெயர், அதன்கீழ் ஒரு நகரத்தின் பெயர், அவ்வளவே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினொன்றிலும் சிவப்பு மையால், 'அவரவர் சொந்த முகவரியை எழுதுக' என்று குறித்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். அதிகம் பேசாத பிள்ளை. "சேர், அதுதான் எங்க எல்லாருக்கும் சொந்த முகவரி" என்றாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பு எழுத்துக்களை நினைத்து நான்தான் தலைகுனிந்தேன்.

லயன் வீடுகளைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு சொல். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சிறு சிறு காம்பராக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சில வேளை இரண்டு. இத்தகைய லயங்கள் ஒரு தோட்டத்தில் பல உண்டு. பெரும்பாலான தோட்டங்களில் அவற்றுக்குச் செல்லும் பாதைக்குப் பெயர் கிடையாது. காம்பராவின் கதவுக்கு அரசாங்கம் கொடுத்த இலக்கம் கிடையாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வரும் கடிதங்கள் யாவும் ஒரு மூட்டையாகத் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து சேரும். அங்கிருந்து அவை யார் கைக்கு எப்பொழுது போகும் என்பது, அன்று அந்தப் பக்கம் யார் வருகிறார், யாரை யாருக்குத் தெரியும், மழை பெய்கிறதா இல்லையா என்பனவற்றைப் பொறுத்தது.

அந்த மாணவி உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசையால் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் உரிய காலத்தில் அனுப்பப்பட்டது. உபதபாற்கந்தோருக்கும் உரிய காலத்தில் வந்தது. தோட்டத்துக் கந்தோருக்கும் உரிய காலத்திலேயே போய்ச் சேர்ந்தது. கந்தோரிலிருந்து அவளுடைய லயம் அரை மைல் தூரம். அந்த அரை மைலைக் கடக்க அக்கடிதத்துக்குப் பதினொரு நாட்கள் பிடித்தன.

இதில் குற்றவாளி யார் என்று தேடிப்பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை. அந்தத் தோட்டத்தில் அதே பெயரும் அதே முதலெழுத்தும் உடையவர்கள் நான்கு பேர். குலதெய்வத்தின் பெயரைப் பேத்திமாருக்கெல்லாம் சூட்டுவது நம்மவர் வழக்கமல்லவா? கந்தோர்ப் பக்கம் போன ஒருவர், நல்லெண்ணத்துடன் கடிதத்தை எடுத்து வந்து, வேறொரு லயத்திலிருந்த அதே பெயருடைய பெண்ணின் தாயிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்பவள். தாய்க்கு எழுத்து வாசனை இல்லை. அரசாங்க முத்திரையுள்ள உறையாயிற்றே என்று, மகள் வரும்வரைக்கும் அதைச் சாமி படத்தின் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். லீவில் வந்த மகள் உறையைப் பார்த்ததும், இது தன்னுடையதன்று என்று அறிந்து, இரவென்றும் பாராமல் ஓடிவந்து உரியவளிடம் சேர்த்தாள். நேர்முகத் தேர்வு முடிந்து அப்போது நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

அத்தாய் அந்தக் கடிதத்தை வீசிவிடவில்லை. தெய்வத்தின் பொறுப்பில் அல்லவா வைத்திருந்தாள்! கெட்ட மனமுடையவர் ஒருவர் கூட இல்லாமலே ஒரு பிள்ளையின் ஒரு வருடம் பறிபோய்விட்டது. இதை நினைக்கும்போதுதான் எனக்கு அச்சம் உண்டாகிறது. தீயவன் ஒருவன் இருந்தால் அவனைத் திருத்தலாம், அல்லது தண்டிக்கலாம். தீயவனே இல்லாத அநியாயத்தை என்ன செய்வது?

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளும் அவள் தகப்பனாரும் கலேவெலவுக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். கையில் ஒரு பை தேயிலைத்தூள். தகப்பனார் கதிரையில் அமர மறுத்து, வெகு நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்ல, "ஐயா, அடுத்த வருசமும் புள்ள மனுப் போடப் போவுது. ஒங்க வீட்டு விலாசத்தப் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார்.

பணம் கேட்டு வருபவர்களை நான் கண்டிருக்கிறேன். சிபாரிசுக் கடிதம் கேட்டு வருபவர்களையும் கண்டிருக்கிறேன். விலாசத்தைக் கடன் கேட்டு வந்தவரை அன்றுதான் கண்டேன்.

ஆயினும் உடனே சம்மதிக்க முடியவில்லை. அரசாங்க விண்ணப்பங்களில் வதிவிடத்துக்குச் சான்று வேண்டும். கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட வேண்டும். கலேவெலவில் வசிக்காத ஒருத்தியைக் கலேவெலவில் வசிப்பவள் என்று எழுதுவது பொய்யல்லவா? வாய்மையைப் பற்றி வகுப்பில் வருடந்தோறும் பாடம் நடத்துபவன் அந்தப் பொய்க்குத் துணை போகலாமா? விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தேன். நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டமும், கடிதத் தொடர்புக்கான முகவரிக்கு ஒரு கட்டமும் இருந்தன. முதற் கட்டத்தில் தோட்டத்தின் பெயரை எழுதச் சொன்னேன். இரண்டாவது கட்டத்தில், மே/பா என்று போட்டு என் பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சேர், மே/பான்னா என்ன?" என்றாள்.

"மேற்பார்வை" என்றேன்.

"அப்படின்னா நான் உங்க மேற்பார்வையிலயா இருக்கேன்?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. பொருள் தெரிந்துகொள்ளவே கேட்டாள். நான் தேநீர் கொண்டுவரச் சொல்லும் சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்று சொல்லாத விடையைத்தான் இன்று எழுதிப் பார்க்கிறேன். அந்த மக்களின் இருநூறு வருடச் சரித்திரத்தை ஒரே சொல்லில் அடக்கச் சொன்னால், நான் இந்தச் சொல்லைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவர்கள் எக்காலத்திலும் யாரோ ஒருவருடைய மேற்பார்வையிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள்.

முதலில் கங்காணியின் மேற்பார்வை. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தோட்டத்தில் ஒருவன் இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவனது கடனைக் குறித்த 'துண்டு' என்ற காகிதம் வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணிக்கு மேலே துரை. இருப்பிடம் துரையுடையது, பாதை துரையுடையது, ஆகவே கடிதமும் துரையின் கந்தோருக்கே வந்தது. இன்று நாம் காணும் கடித மூட்டை அந்தக் காலத்திலிருந்து இறங்காமலே வரும் மூட்டைதான்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தலவாக்கலையிலிருந்து சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். மறு வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்று நிறுவு என்றது சட்டம். பிறப்புப் பதிவு என்பதையே அறியாத காலத்துத் தகப்பன்மாருக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆயினர். 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நம்மவர்களுள் பலர் அதை அயல் வீட்டுச் சங்கதியாகவே கருதினார்கள். அப்படிக் கருத மறுத்த செல்வநாயகம், அவ்வாண்டு டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதையும் சொல்லவேண்டும்.

அதன் பின்னர் அவர்கள் இரண்டு அரசாங்கங்களின் மேற்பார்வையில் இருந்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கு 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். பத்து வருடம் கழித்து, 1974இல், அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75,000 ஆகப் பிரித்துக்கொண்டார்கள். நெல்லைக் கூட மரக்கால் வைத்து அளப்பவன் ஒரு முறை கையில் எடுத்துப் பார்ப்பான். இந்த மனிதர்களை யாரும் 'உனக்கு எங்கே இருக்க விருப்பம்?' என்று கேட்கவில்லை. 1986, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களால் பலருக்கும், 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. என் மாணவியின் பாட்டி தன் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தாராம். "அம்மா மொத ஓட்டுப் போடறப்போ அறுவது வயசு தாண்டிருச்சுங்க" என்று அந்தத் தகப்பனார் சொன்னார்.

ஆக, வாக்கு வந்துவிட்டது. வாக்குக் கேட்பவர்களும் வருகிறார்கள். தேர்தற் காலத்தில் வேட்பாளர்கள் லயத்து வாசல்களைத் தவறாமற் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பாதைக்குப் பெயரில்லை, கதவுக்கு இலக்கமில்லை என்று எவரும் வழிதவறித் திரும்பியதாகத் தெரியவில்லை. தேர்தல் முடிந்ததும் பாதைகள் மறந்துவிடுகின்றன.

இங்கே எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். இந்நாட்டின் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க 1968ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தது கலேவெலப் பகுதியிலுள்ள தேவஹுவவில். அவர் தகப்பனார் நில அளவைத் திணைக்களத்திற் சிற்றூழியராக இருந்தவர். 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடந்த தேர்தலில் அவர் வெற்றி பெற்றபோது எங்கள் கடைவீதியில் வெடி கொளுத்தினார்கள்; பாற்சோறு பரிமாறினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் நாட்டின் தலைமைக்கு வருவதில் மகிழ்ச்சி கொள்வதற்குக் கட்சி வேண்டியதில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் கட்சிக் கூட்டணி 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றபோது, வடக்கிலும் மலையகத்திலும் தமிழர்கள் பலர் அதற்கு வாக்களித்திருந்தார்கள். நம்பிக்கை என்பது கொடுத்தவருக்குக் கடனாகத் திரும்பி வரவேண்டியது. அதைக் கேட்கும் உரிமை இப்பொழுது அவர்களுக்கு உண்டு.

தேவஹுவ என்றதும் எங்கள் தபால்காரரின் நினைவு வருகிறது. அவரும் அந்தப் பக்கத்தவர்தாம். அன்று காலை, வீடு இருந்தும் முகவரி இல்லாத கதையை நான் விளக்கியபோது, மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு தம் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டனார் குடியேற்றத் திட்டத்தில் தேவஹுவக் குளத்தின் கீழே வந்து சேர்ந்தபோது அது வெறுங்காடாம். "தாத்தாவிடம் ஒரு மண்வெட்டியும் ஒரு பெட்டியுந்தான் இருந்தன. அரசாங்கம் காணித்துண்டு கொடுத்தது. அதற்கு ஓர் இலக்கம் கொடுத்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த இலக்கந்தான்" என்றார்.

அவர் பெருமையாகச் சொன்னார். பெருமை கொள்ளவேண்டிய செய்திதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காணியற்ற விவசாயிகளுக்கு அரசாங்கம் காணி அளந்து கொடுத்தது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாயினர், உத்தியோகத்தர்களாயினர், தபால்காரர்களும் ஆயினர். நான் சொல்ல வருவது, அந்தச் சட்டம் செய்த நன்மையைக் குறைத்தன்று. ஒரு மனிதனுக்குக் காணியும் இலக்கமும் கொடுத்தால் மூன்று தலைமுறைக்குள் என்ன நிகழும் என்பதற்கு, எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது என்பதுதான். அதே மாவட்டத்தின் மலைச்சரிவுகளில், அதே காலத்தில், காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஏன் கிடைக்கவில்லை? தோட்டங்கள் வெள்ளைக்காரருடையவை என்று அக்காலத்தில் சொல்லலாம். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின்னர் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992க்குப் பின்னர் கம்பெனிகள் அவற்றை நிர்வகித்தாலும், மண் அரசாங்கத்துடையதே. கொடுக்க மனம் வேண்டும். மண் கையில்தான் இருக்கிறது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மையன்று. ஏழு பேர்ச் காணி என்ற திட்டத்தின் கீழ்ச் சில ஆயிரம் தனிவீடுகள் எழுந்தன. இந்திய உதவியுடன் வீடுகள் கட்டப்படுகின்றன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த வைபவத்தில் சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அந்தப் பத்திரங்களைக் கையிற் பிடித்திருந்தவர்களின் முகங்களைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தபோது, அந்தப் பிஸ்கட் தகரந்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் தேவையோ கடலளவு. அவ்வருடம் நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்து மலைகளைச் சரித்தபோது, மாத்தளை மாவட்டமும் அடிபட்டது. வீடிழந்தவனிடம் 'உன் வீடு எது?' என்று கேட்டால், உறுதிப்பத்திரம் உள்ளவன் அதை எடுத்துக் காட்டுவான். காம்பராவில் பிறந்து காம்பராவில் வளர்ந்தவன் எதைக் காட்டுவான்? இலக்கமில்லாத கதவு மண்ணோடு போய்விட்டால், அது இருந்ததற்கே அடையாளம் இல்லை.

'இது கையடக்கத் தொலைபேசியின் காலம். கடிதம் இல்லாவிட்டால் என்ன?' என்று என் மகன் கேட்கிறான். நேயர்களுள் மாணவர்களும் அப்படிக் கேட்கக்கூடும். கடிதம் ஓர் உதாரணமே. வங்கியிற் கணக்குத் திறக்கப் போனால் முகவரிக்குச் சான்று என்கிறார்கள். பதிவுத் தபாலில் வரும் அரசாங்க அறிவித்தல் உரியவர் கையிலே கொடுக்கப்படவேண்டும். நோயாளியை ஏற்ற அம்புலன்ஸ் வண்டி வந்தால், எந்தப் பாதை, எத்தனையாவது கதவு என்று சொல்லத் தெரியவேண்டும். முகவரி என்பது, இன்னார் இவ்விடத்தில் இருக்கிறார், இவரை இங்கே வந்து காணலாம் என்று அரசு ஒப்புக்கொள்ளும் ஒப்புதல். வாக்கு, அரசை நாம் தேடிப்போகும் வழி. முகவரி, அரசு நம்மைத் தேடிவரும் வழி. ஒருவழிப் பாதையை மட்டும் திறந்துவைத்துவிட்டு, இருவழியும் திறந்தாயிற்று என்று நாம் மனநிறைவு கொண்டிருக்கிறோம்.

காணி கொடுப்பதற்குக் காலம் பிடிக்கும், பணமும் பிடிக்கும். பாதைக்குப் பெயரிட்டுக் கதவுக்கு இலக்கமிடுவதற்கு எத்தனை காலம் பிடிக்கும்? முன்பு அதற்கும் ஒரு சட்டத்தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த ஒரு பிரிவினால், தோட்டப்புறங்களில் பிரதேச சபைகள் சேவை செய்ய முடியாதிருந்தது. வரியும் வாக்கும் வாங்கும் நாட்டில், விளக்கும் பாதையும் தோட்டத்தின் பொறுப்பு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்து, சபைகளுக்குப் புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம் இது: பெரிய வாக்குறுதிகளைப் பெரியவர்கள் கொடுக்கட்டும், நீங்கள் ஒரு வாளி வர்ணமும் ஒரு தூரிகையும் எடுத்துக்கொண்டு ஒரு லயத்திலிருந்து தொடங்குங்கள். தபால் திணைக்களம் அந்த இலக்கங்களை ஏற்றுக் கதவுவரை கடிதம் கொண்டுபோகட்டும். உறுதிப்பத்திரம் இல்லாத இலக்கம் வெறும் வர்ணந்தானே என்று சிலர் சொல்வார்கள். மெய்தான், அது காணிக்கு ஈடாகாது. காணி கிடைக்கும் நாள்வரை, ஒரு பிள்ளையின் கடிதமாவது அவளிடம் போய்ச் சேரும் அல்லவா?

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் நிறைந்ததை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே நடந்து, ஓகஸ்ட் மாதத்தில் மாத்தளையை அடைந்தார்கள். நானும் மாணவர்கள் சிலரோடு சிறிது தூரம் நடந்தேன். அந்த மாணவியும் வந்திருந்தாள். "சேர், இத்தனை தூரம் நடந்து வந்தவங்க, இங்க வந்ததும் ஊருக்குக் கடுதாசி போட்டிருப்பாங்களா?" என்று அவள் கேட்டது இப்பொழுது நினைவுக்கு வருகிறது. போட்டிருப்பார்கள், யாரிடமாவது சொல்லி எழுதுவித்திருப்பார்கள். பதில் வந்ததோ, எந்தக் கந்தோரில் கிடந்ததோ, யார் கண்டார்?

தபால்காரர் அன்று கொண்டுவந்த உறை அவளுடையதுதான். இரண்டாம் முறை வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம். உடனே தொலைபேசியில் சொன்னேன். பிற்பகல் பஸ்ஸில் தகப்பனார் வந்து வாங்கிப் போனார். அவள் போய்வந்துவிட்டாள். வந்த கையோடு இன்னொரு வேலையும் செய்திருக்கிறாள். ஒரு கொப்பியில் தோட்டத்திலுள்ள லயங்களை வரிசையாக எழுதி, எந்த லயத்தில் எத்தனையாவது காம்பராவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும், ஒரே பெயருடையவர்களைத் தகப்பன் பெயர் சொல்லிப் பிரித்தும் குறித்து, ஒரு பிரதியைத் தோட்டத்துக் கந்தோரிலும், ஒரு பிரதியை உபதபாற்கந்தோரிலும் கொடுத்திருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. யாருடைய மேற்பார்வையிலும் அவள் அதைச் செய்யவில்லை. கந்தோரிலிருந்த இலிகிதர் அதை வாங்கி மேசையின் மேல் ஒட்டிக்கொண்டாராம். அன்று அவளுக்குச் சொல்லாமல் எழுந்து போன விடைக்கு இனி அவசியமில்லை. அதை அவளே எழுதிவிட்டாள்.

தெரிவு முடிவு இன்னும் வரவில்லை. அதுவும் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும். தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "வந்தால் படலையில் போடமாட்டேன், மஹத்தயா, கூப்பிட்டுக் கையிலே கொடுக்கிறேன்" என்றார் அவர். புறப்படும்போது திரும்பிப் பார்த்து, "மூத்தவள்தானே?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.